‘நான்’ என்று ஒருவர் உள்ளே இருக்கிறாரா?

ரங்கூனில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்தையும் திறப்பதற்கு முன்பே வந்துவிடும். அனோரதா சாலைக் காளியம்மன் கோயிலில், உடம்புதான் அழியும், ஆன்மா அழியாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். அப்புறம் பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்தில் ஒரு சாவு விழுகிறது. ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு கொடுக்கும்போது நாமும் போய்ப் பாயில் உட்காருகிறோம். அங்கே சொல்லப்படுவது நேர் எதிர். எதுவும் நிலையில்லை, எதிலும் ‘நான்’ என்று ஒன்று இல்லை, அனத்தா. வீட்டுக்குத் திரும்பினால் சாமி மாடத்தில் முருகனும் இருக்கிறார், புத்தரும் இருக்கிறார், இருவருக்கும் ஒரே ஊதுபத்தி. இதில் எது சரி என்று கேட்டால், ரெண்டும் சாமிதான், பேசாமல் கும்பிடு என்பார்கள். கும்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்று ‘உண்டு’ என்கிறது, இன்னொன்று ‘இல்லை’ என்கிறது. யோசிக்கிற பிள்ளை அதோடு விட்டுவிடாது.

முதல் முறையாக இதை யோசிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தத்துவமோ மூளை அறிவியலோ முன்னால் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளி வைத்துவிடுவோம். ‘நான்’ என்பது மாயை என்று யாராவது சொன்னால், அப்போ நான் இல்லையா, கிள்ளினால் வலிக்கிறதே என்று சண்டைக்குப் போகிறோம். நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு உடம்பு இருக்கிறது, வலி இருக்கிறது, பெயர் இருக்கிறது, தீர்க்க வேண்டிய கடன் இருக்கிறது. இதையெல்லாம் புத்தரும் மறுக்கவில்லை, மூளை ஆய்வாளர்களும் மறுக்கவில்லை. கேள்வி வேறு. இந்த உடம்பு, இதற்குள் ஓடும் எண்ணங்கள், ஞாபகங்கள், ஆசைகள் எல்லாவற்றுக்கும் பின்னால், கண்களுக்குக் கொஞ்சம் உள்ளே, ஓர் உரிமையாளர் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதையெல்லாம் பார்த்து முடிவுகளை எடுப்பது போலவும், நாலு வயதில் இருந்த அதே ஆள்தான் நாற்பது வயதிலும் இருப்பது போலவும் நமக்குத் தோன்றுகிறதே, அந்த ஆள் நிஜமாகவே இருக்கிறாரா? கேட்பது அவ்வளவுதான்.

குழந்தைகளிடமிருந்து ஆரம்பிக்கலாம். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் ஒரு பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விடும் சோதனை ஒன்று உண்டு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை கண்ணாடியில் வேறொரு பாப்பாவைப் பார்த்த மாதிரிச் சிரிக்கும், கையை நீட்டும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் கண்ணாடியை விட்டுவிட்டுத் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்க்கும். (நம் ஊரில் செய்தால் கன்னத்தில் பூசிய தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பை விட்டு வேறு நிறத்தில் பொட்டு வைக்க வேண்டும், தனக்கா இங்கே எல்லாக் குழந்தைக்கும் பழகியது.) ‘இது நான்’ என்கிற அடையாளம் அந்த வயதில்தான் குழந்தைக்குத் தட்டுப்படுகிறது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

சரி, உடம்பு. ‘நான்’ எங்கே முடிகிறது என்று கேட்டால் தோலோடு முடிகிறது என்போம். 1998-இல் வெளியான ஒரு சோதனை இதை ஆட்டிவிட்டது. உங்கள் ஒரு கையை மேசைமேல் வைத்துத் தடுப்பால் மறைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு ரப்பர் கையை வைக்கிறார்கள். பிறகு இரண்டு தூரிகைகளால் மறைந்திருக்கும் உங்கள் கையையும் ரப்பர் கையையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வருடுகிறார்கள். சில நிமிடங்களில் பலருக்கு அந்த வருடல் ரப்பர் கையில் நடப்பதாகவே தோன்ற ஆரம்பிக்கிறது. அது ரப்பர் என்று அறிவுக்குத் தெரியும், இருந்தும் என் கை என்ற உணர்ச்சி வந்துவிடுகிறது. பின்னால் நடந்த சோதனைகளில் அந்த ரப்பர் விரலை வலிக்கும்படி பின்னுக்கு மடக்கியபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தோலில் பயத்தின் வியர்வை பதிவானது.

இதன் மறுபக்கம் இன்னும் வேதனையானது. கையோ காலோ போன பிறகும் அது இருப்பதாகவே உணர்கிறவர்கள் உண்டு. இல்லாத அந்தப் பாதம் அரிக்கும், இல்லாத விரல்கள் இறுக மடங்கி உயிர் போகிற மாதிரி வலிக்கும். கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள் நிறைந்த நம் நாட்டில் இது புத்தகத்துச் சமாச்சாரம் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். இருக்கும் கையை மெல்ல விரித்தால் இல்லாத கை விரிவதைக் கண் பார்க்கிறது. பல நாள் இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் அப்போது தளர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள். ‘என் உடம்பு’ என்று நாம் உணர்வது சதையை நேராகத் தொட்டு வருகிற செய்தி இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. கண், தோல், தசை எல்லாம் தரும் தகவலை வைத்து மூளை ஒவ்வொரு கணமும் வரைந்துகொண்டிருக்கும் படம் அது. பெரும்பாலும் சரியாகவே வரைகிறது. ஏமாற்றினால் ஏமாறவும் செய்கிறது.

உடம்பு போனால் போகட்டும், என் ஞாபகங்கள்தானே நான் என்று பலர் சொல்வார்கள். அது எனக்கும் நியாயமாகத்தான் தோன்றும், கிளைவ் வேரிங்கைப் பற்றிப் படிக்கும்வரை. அவர் இங்கிலாந்தின் இசைக் கலைஞர், பாடற்குழுவை நடத்தியவர். 1985-இல் ஒரு வைரஸ் அவர் மூளையைத் தாக்கியது. அதன் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் சில நொடிகளுக்கு மேல் தங்கவில்லை, பழைய நினைவுகளிலும் பெரும்பகுதி போய்விட்டது. அவருக்கு ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. இப்போதுதான் முதல்முறையாக விழித்திருக்கிறேன் என்று நேரம் போட்டு எழுதுவார். சில நிமிடங்கள் கழித்து அதைப் பார்ப்பார். கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் அப்போது தான் விழித்திருக்கவே இல்லை என்று அவருக்கு உறுதியாகத் தோன்றும். அதை அடித்துவிட்டு, இப்போதுதான் உண்மையில் விழித்தேன் என்று மறுபடி எழுதுவார். பக்கம் பக்கமாக இதுவேதான்.

கதை என்று ஒன்றுமே இல்லாத மனிதர். ஆனால் மனைவி அறைக்குள் வந்தால், அவர் வெளியே போய்ச் சில நிமிடமே ஆகியிருந்தாலும், பல வருடம் கழித்துப் பார்ப்பது போல் ஓடிப் போய்க் கட்டிக்கொள்வார். பியானோ முன் உட்கார வைத்தால் வாசிப்பார். அங்கே யாரும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? நம் வீடுகளில் ஞாபகம் தப்பிய பாட்டியோடு இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆகவே ஞாபகக் கதை ‘நான்’ என்பதில் ஒரு பெரிய பகுதி, ஆனால் அது முழுவதும் இல்லை.

அடுத்தது முடிவெடுக்கும் ‘நான்’. எனக்கு மிகவும் சங்கடம் தந்தது இந்த இடம்தான். கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இடது வலது பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டும் அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் செய்யப்பட்டது. அந்த நோயாளிகளை ஆராய்ந்ததற்காக ராஜர் ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மைக்கேல் கஸானிகா செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். பேசத் தெரிந்த இடது மூளைக்கு மட்டும் ஒரு கோழிக்கால் படத்தைக் காட்டுகிறார்கள். பேசாத வலது மூளைக்குப் பனி மூடிய காட்சி. பிறகு எதிரே உள்ள படங்களில் பொருத்தமானதைக் காட்டச் சொல்கிறார்கள். இடது மூளை இயக்கும் வலது கை கோழியைக் காட்டுகிறது, சரி. வலது மூளை இயக்கும் இடது கை மண்வாரியைக் காட்டுகிறது, அதுவும் சரி, பனியை அள்ள மண்வாரி வேண்டும். ஆனால் மண்வாரியை ஏன் காட்டினீர்கள் என்று கேட்டபோது பதில் சொல்ல வேண்டியது இடது மூளை, அதற்குப் பனியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாது என்று அது சொல்லவில்லை. கோழிக்கொட்டகையைச் சுத்தம் பண்ண மண்வாரி வேண்டுமே என்று ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னது. அந்த நோயாளி பொய் சொல்லவில்லை, உண்மையென்று நம்பித்தான் சொன்னார்.

அது வெட்டப்பட்ட மூளை, நமக்கு அப்படி இல்லை என்று தப்பிக்கவும் முடியாது. 2005-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இரண்டு முகங்களின் படங்களைக் காட்டி எது அழகு என்று சாதாரண ஆட்களிடம் கேட்டார்கள். ஒருவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், கைவித்தைக்காரன் செய்வதைப் போல் சத்தமில்லாமல் மாற்றி, அவர் வேண்டாம் என்ற படத்தைக் கையில் கொடுத்து, இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்றார்கள். பெரும்பாலானவர்கள் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. கையிலிருந்த படத்தைப் பார்த்து, தாங்கள் எடுக்காத ஒரு முடிவுக்குக் காரணங்களை அடுக்கினார்கள். நமக்குள் காரணம் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு குரல் உண்டு. அதைத்தான் நாம் முதலாளி என்று நினைக்கிறோம். நடந்து முடிந்ததற்குப் பொருத்தமான கதை கட்டுவதும் அதன் வேலைகளில் ஒன்று என்று இந்தச் சோதனைகள் காட்டுகின்றன.

கையை அசைக்க நாம் முடிவெடுக்கும் முன்பே மூளையில் அதற்கான அறிகுறி தோன்றிவிடுகிறது என்ற பெஞ்சமின் லிபெட்டின் 1983 சோதனையையும் இந்த இடத்தில் எல்லாரும் இழுப்பார்கள். அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகாதீர்கள். அந்த அறிகுறிக்கு வேறு விளக்கம் உண்டு என்று 2012-லேயே வலுவான மறுப்பு வந்துவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். புத்தர் தம் இரண்டாவது உபதேசத்தில் இதைத்தான் எடுத்தார். ‘நான்’ என்று நீங்கள் பிடித்துக்கொள்ளக்கூடியவை ஐந்து வகை என்று பிரிக்கிறார். மணிமேகலையின் கடைசிக் காதை இவற்றை அழகான தமிழில் சொல்லியிருக்கிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு. உடம்பு, இன்ப துன்ப உணர்ச்சி, இது இன்னது என்று இனம் காணுவது, மனத்தின் போக்குகள், அறியும் உணர்வு என்று இப்போதைக்குப் புரிந்துகொண்டால் போதும். இதில் எதாவது ஒன்று உண்மையிலேயே நீங்களாக, உங்கள் ஆட்சிக்கு உட்பட்டதாக இருந்தால், இப்படி இரு என்று சொன்னால் அது அப்படி இருக்க வேண்டும் இல்லையா? உடம்பே, நோய் வராதே என்று சொல்லிப் பாருங்கள். மனமே, கவலைப்படாதே என்று சொல்லிப் பாருங்கள். கேட்பதில்லை. உங்கள் சொல்லைக் கேட்காததை எப்படி ‘நான்’ என்றும் ‘என்னுடையது’ என்றும் சொல்கிறீர்கள்? புத்தரின் வாதம் இவ்வளவு எளிமையானது.

இதை நம்பச் சொல்லாமல் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள் என்பதுதான் பர்மாவின் சிறப்பு. நாட்டின் தலைமைக் கணக்காளராக இருந்த ஊ பா கின், அலுவலக வேலையோடு தியானமும் கற்றுக்கொடுத்தவர், 1952-இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கியவர். மண்டலேயில் இந்துக் குடும்பத்தில் பிறந்த எஸ். என். கோயங்கா, தாங்க முடியாத ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் தயங்கித் தயங்கி அவரிடம் போய், பிறகு 1969-இல் அந்தப் பயிற்சியை இந்தியாவுக்குக் கொண்டுபோனார். பர்மியப் பிக்கு மகாசி சயாடோவின் முறையில் மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் மட்டும் கவனிப்பார்கள். தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் ஊரே தெருவில் நனைந்துகொண்டிருக்கும்போது ஒரு கூட்டம் மையங்களில் போய் உட்காருவதும் இங்கே வழக்கம்.

உட்கார்ந்தால் என்ன தெரியும்? முழங்கால் வலிக்கும். முதலில் அது ‘என் வலி’, சகிக்க முடியாது, எழுந்துவிட வேண்டும். எழாமல் அதையே பார்த்தால் அந்த ஒற்றை வலி கலைய ஆரம்பிக்கிறது. ஓர் இடத்தில் சூடு, ஓர் இடத்தில் இறுக்கம், நடுவில் ஒரு துடிப்பு வந்து வந்து போகிறது. இதோடு சேர்ந்து, கால் கெட்டுவிடுமோ என்று ஒரு பயம், எத்தனை மணி ஆகிறது என்று ஒரு எண்ணம். வலியைச் சுற்றி ‘எனக்கு’ என்ற ஒரு இறுக்கம் தனியாக இருந்தது என்பது அது தளரும்போதுதான் தெரிகிறது. எண்ணங்களும் அப்படித்தான். அடுத்து என்ன எண்ணம் வரப்போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. வந்த பிறகுதான் தெரியும். வந்தவுடன் ‘நான் நினைத்தேன்’ என்று அதன்மேல் ஒரு முத்திரை விழுகிறது. சந்தேகமாக இருந்தால் இந்த இடத்தில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள். மனம் சும்மா அலையும்போதும் நம்மைப் பற்றியே நாம் நினைக்கும்போதும் சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள், அனுபவமுள்ள தியானிகளிடம் தியானத்தின்போது அடங்கியிருப்பதை 2011-இல் அமெரிக்க ஆய்வு ஒன்றும் பதிவு செய்திருக்கிறது.

நாகசேனர் என்ற பிக்குவுக்கும் மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நடந்த உரையாடல் பௌத்தத்தில் பிரசித்தம். பர்மிய மரபில் அதைத் திரிபிடகத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இல்லை இல்லை என்கிறான் அரசன். அப்படியானால் தேர் எங்கே? இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா தேரே இல்லை, நீயும் இல்லை என்று முடிப்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அரசன் தேரில்தான் வந்திருக்கிறான். இத்தனையும் சேர்ந்திருக்கும்போது ‘தேர்’ என்ற பெயர் வழங்குகிறது, அதே மாதிரிதான் நாகசேனன் என்ற பெயரும் என்பதுதான் அங்கே வரும் முடிவு.

பர்மாக்காரர்களுக்கு இதை இன்னும் பக்கத்தில் காட்டலாம். 1987 செப்டம்பரில் ஒரு நாள் 25, 35, 75 சாட் நோட்டுகள் இனிச் செல்லாது என்று அரசு அறிவித்தது. மாற்றியும் தரவில்லை. பானையிலும் பெட்டியிலும் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் கட்டுக் கட்டாகக் காகிதம் மிஞ்சியது. முந்தின நாள் அதே நோட்டுக்கு அரிசி கிடைத்தது. நோட்டின் நிறமோ எடையோ மாறவில்லை. அப்படியானால் முந்தின நாள் அந்தப் பணம் நிஜமா, மாயையா? அரிசி வாங்கித் தந்ததை மாயை என்று சொல்ல முடியாது. அந்த மதிப்பு காகிதத்துக்குள் எங்கோ ஒளிந்திருந்தது என்றும் சொல்ல முடியாது. அரசு, சந்தை, மக்களின் நம்பிக்கை எல்லாம் சேர்ந்து இயங்கும்வரை பணம் பணமாக இருந்தது. ‘நான்’ என்பதும் இந்த வகையில் நிஜம் என்றே நினைக்கிறேன். உடம்பைப் பற்றிய மூளையின் படம், ஞாபகம், காரணம் சொல்லும் குரல், நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்கள், இவையெல்லாம் சேர்ந்து இயங்குவதால் நிற்கிற நிஜம். அதை ஒரு பொருளாக, உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கும் முதலாளியாக எண்ணுவதில்தான் மயக்கம் இருக்கிறது.

நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். பர்மியப் பெயரில் கூப்பிட்டால் ஒரு ஆள் திரும்புகிறார், தமிழ்ப் பெயரில் கூப்பிட்டால் கொஞ்சம் வேறான ஆள் திரும்புகிறார், குரலும் கையசைவும்கூட மாறுகிறது. 1960களில் கப்பலேறிப் போன நம் உறவினர்கள் இங்கே ‘காலா’வாக (இந்தியர்களைப் பர்மியர் கூப்பிடும் பெயர்) இருந்து அங்கே ‘பர்மாக்காரர்’ ஆனார்கள். ஊர் மாறினால் மாறிவிடும் பகுதி எது, எங்கே போனாலும் கூடவே வரும் பகுதி எது என்று நம் குடும்பக் கதைகளை வைத்தே நிறைய யோசிக்கலாம்.

சரி, அப்படியானால் கோயிலில் சொன்னது தப்பா? அவசரப்பட வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு வரிசையாகக் காரணம் காட்டுகிறார். உடம்பு இல்லை, புலன் இல்லை, எதுவுமே ஆன்மா இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்குகிறாயே, அப்படி ‘இல்லை’ என்று அறிந்து சொல்கிற ஒன்று இருக்கிறதே, அது என்ன? ‘என் உடம்பு’ என்கிறாய், அப்படியென்றால் உடம்பு வேறு, நீ வேறு. கண்ணுக்குச் சத்தம் தெரியாது, காதுக்கு நிறம் தெரியாது, ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து அறிவது எது? எல்லாவற்றையும் சந்தேகித்தாலும் சந்தேகிக்கிற நான் இருந்தாக வேண்டும் என்று ஐரோப்பாவில் தெகார்த் என்ற தத்துவ அறிஞர் எழுதியது இதற்கு நானூறு வருடம் பிந்தி, பதினேழாம் நூற்றாண்டில்.

‘என் உடம்பு’ என்ற வாதம் எனக்கு அவ்வளவு பலமாகப் படவில்லை. ரப்பர் கையையும் ‘என் கை’ என்றுதானே உணர்கிறோம். ஆனால் ‘இல்லை என்று அறிவது எது’ என்ற கேள்வி லேசுப்பட்டதில்லை. ஏமாற்று வித்தைகள் எல்லாம் யாரோ ஒருவருக்குத் தோன்றித்தானே ஏமாற்ற முடியும்? ரப்பர் கை என்னை ஏமாற்றலாம், நான் எதையோ உணர்கிறேன் என்பதே பொய்யாக இருக்க முடியுமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சைவ சித்தாந்தம் ஆன்மா உண்டு என்பதால், நம்முடைய அன்றாட ‘நான், எனது’ என்பதையும் அது உறுதிப்படுத்துகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சித்தாந்தம் அதை ஆணவ மலம் என்கிறது, செம்பில் களிம்பு போல ஆன்மாவை மூடியிருக்கும் அழுக்கு. ஆன்மாவையும் அது தனித்து நிற்கும் முதலாளியாகச் சொல்வதில்லை. எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகிவிடுவது அதன் இயல்பு என்கிறது. ஆக, பிக்கு ‘இல்லை’ என்பதும் ஓதுவார் ‘அழுக்கு’ என்பதும் ஒரே ஆளைப் பற்றித்தான். கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாம் என்னால் என்கிறாரே, அவர். அந்த அளவுக்கு நம் சாமி மாடத்தில் சண்டை இல்லை. அந்த ஆளை எடுத்துவிட்ட பிறகு, அறிகிற ஒன்று நிலையாக நிற்கிறதா, அல்லது அறிதல் மட்டும் கணத்துக்குக் கணம் தோன்றி மறைகிறதா என்பதில்தான் நிஜமான சண்டை. அதை மறைத்து, எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்புவது இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை.

‘நான் இல்லை என்றால் தப்பு செய்தது யார்’ என்ற கேள்வி உடனே வரும். மிலிந்தனும் கேட்டான். மாம்பழம் திருடியவன், இவர் நட்டது வேறு, நான் எடுத்த பழம் வேறு என்று தப்பிக்க முடியுமா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார். நட்டதிலிருந்துதான் பழம் வந்தது, திருடியது திருட்டுதான். உள்ளே ஒரு நிரந்தர ஆள் இல்லாவிட்டாலும் செயலும் விளைவும் அறுபடாமல் தொடர்கின்றன, பொறுப்பும் தொடர்கிறது. ‘எல்லாம் மாயை’ என்று சொல்லிக் கொடுத்த வாக்கிலிருந்து நழுவுகிறவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு, கடும் மன அழுத்தத்திலோ பெரிய அதிர்ச்சிக்குப் பிறகோ, சில நேரம் வழிகாட்டி இல்லாமல் செய்யும் தீவிரத் தியானத்திலோ, நான் நிஜமில்லை, என் கை என்னுடையதில்லை, வெளியே நின்று என்னையே பார்க்கிறேன் என்ற உணர்வு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது பயங்கரமான அனுபவம். அதை ஞானம் என்று யாராவது பாராட்டினால் நம்பாதீர்கள். மருத்துவத்தில் அதற்குப் பெயர் உண்டு, உதவியும் உண்டு. பயிற்சியில் இருந்தால் ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். தியானத்தில் தளர்வது இறுக்கம். அப்போது மனம் லேசாகும், பக்கத்தில் இருப்பவர்மேல் பரிவு கூடும். பயமும் மரத்துப்போன உணர்வும் வந்தால் அது வேறு.

என்னுடைய பக்கம் எது என்று கேட்டால், முதலாளி இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அறிதல் உண்டு என்பதிலும் சந்தேகம் இல்லை. அந்த அறிதலுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டா என்பதில் பௌத்தத்தின் பக்கம் சாய்கிறேன், ஆனால் மெய்கண்டாரின் கேள்வியை முழுக்க எதிர்கொண்டுவிட்டதாக நினைக்கவில்லை. மேலே யோசிக்க விரும்புகிறவர்களுக்குக் கனவில்லாத தூக்கம் நல்ல இடம். தூங்கும்போது மூச்சு ஓடுகிறது, ஆனாலும் உண்பதும் இல்லை, வேலை செய்வதும் இல்லை, ஆகவே மூச்சும் ஆன்மா இல்லை, ஆன்மா வேறு என்று மெய்கண்டார் அதே சூத்திரத்தில் காட்டுகிறார். பர்மியப் பிக்குகள் ஆழ்ந்து படிக்கும் பௌத்தத் தத்துவத் தொகுப்பான அபிதம்மமோ, அப்போது ஒரு ஆள் காத்துக் கிடக்கவில்லை, பவங்கம் என்ற அடியோட்டம் மட்டும் கணந்தோறும் எழுந்து மறைந்துகொண்டிருக்கிறது என்கிறது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்து எழுப்பப்பட்டவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் போயிருக்கிறது என்றாவது ஒரு உணர்வு இருக்கும், மயக்கத்தில் பலருக்கு அதுகூட இருப்பதில்லை. கண்ணை மூடினேன், திறந்தேன், நடுவில் ஒன்றுமே இல்லை என்பார்கள். அந்த நடுவில் மெய்கண்டார் சொல்லும் ஒன்று இருந்ததா, அபிதம்மம் சொல்லும் ஓட்டம் இருந்ததா, இரண்டில் எதையும் வைக்காமல் அதை விளக்க முடியுமா என்பதைத்தான் நான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.